பிட்ச்சைச் செம்மையாக்குதல்: புத்தொழில் நிறுவனர்களுக்கான உதவி எங்கே தொடங்க வேண்டும்?

புத்தொழில் நிறுவனத்தைத் தொடங்கியவர் முதலீட்டாளர் முன் தம் தொழிலை எடுத்துரைத்துப் பணம் கேட்பதைத் தொழில் வட்டாரத்தில் ‘பிட்ச்’ என்கிறார்கள். அதற்காகத் திரையில் ஓடும் அல்லது மின்னஞ்சலில் போகும் ஸ்லைடுகளின் தொகுப்பு ‘பிட்ச் டெக்’. பிட்ச் இரண்டு நிமிட மேடைப் பேச்சாகவும் இருக்கலாம், ஒரு மணி நேர உரையாடலாகவும் இருக்கலாம். எந்த வடிவிலும் அதன் உடனடி நோக்கம் அடுத்த சந்திப்பைப் பெறுவதுதான். முதல் முறை கேட்ட கையோடு காசோலை எழுதும் முதலீட்டாளர் அரிது. மேலும் பல சந்திப்புகள், கணக்குச் சரிபார்ப்பு, வாடிக்கையாளர்களிடம் விசாரிப்பு, சட்ட ஆவணங்கள் எல்லாம் முடிந்த பிறகே பணம் வரும்.

இந்தச் சிறு நிகழ்வைச் செம்மைப்படுத்தித் தருவதற்கென்றே இன்று தொடக்கநிலை நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் இன்குபேட்டர்கள், குறுகிய காலப் பயிற்சி தரும் ஆக்சிலரேட்டர்கள், வழிகாட்டிகள், டெக் வடிவமைப்பாளர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் எனப் பெரிய கூட்டம் இருக்கிறது. அவர்கள் தரும் உதவியில் எது பயன்படுகிறது, எது வெறும் பூச்சு என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பிட்ச்சில் தென்படும் குறைகளில் பெரும்பாலானவை தொழிலைப் பற்றிய சிந்தனையில் இருக்கும் குறைகள். ஆகவே ஸ்லைடின் நிறத்திலும் எழுத்துருவிலும் தொடங்கும் உதவி, நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து தருவதாகிவிடுகிறது.

பிட்ச் உருவான வழி

பிட்ச்சுக்கு யோசனை சொல்லும் வழக்கம் கணினித் திரையில் ஸ்லைடு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் பணியாற்றிய கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் இருவரும் 1957-இல் கணினி நிறுவனம் தொடங்கப் பணம் தேடினர். அவர்கள் அணுகியது பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் நிறுவனத்தை. ஜார்ஜஸ் டோரியோவும் வேறு சிலரும் 1946-இல் தொடங்கிய அந்நிறுவனம் இன்றைய துணிகர முதலீட்டு நிதிகளுக்கெல்லாம் முன்னோடி. இயக்குநர் குழுவைச் சந்திப்பதற்கு முன் அங்கிருந்த ஊழியர்களே தங்களுக்கு மூன்று யோசனைகள் சொன்னதாக ஓல்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ‘கணினி’ என்ற சொல்லை எடுக்கக் கூடாது, ஏனென்றால் அதில் யாரும் லாபம் பார்க்கவில்லை என்று அப்போது பேச்சு. 5 சதவீத லாபம் போதாது, 10 சதவீதம் காட்ட வேண்டும். குழுவில் பலர் எண்பது வயதைத் தாண்டியவர்கள் என்பதால் பலன் சீக்கிரம் வரும் என்று சொல்ல வேண்டும்.

இருவரும் அப்படியே செய்தனர். நிறுவனத்தின் பெயரிலேயே ‘கம்ப்யூட்டர்’ போய் ‘எக்விப்மென்ட்’ வந்தது. முதலில் மின்னணுத் தொகுதிகளை விற்பதாகவும் கணினி பிறகு வரும் என்றும் திட்டம் அமைந்தது. 70,000 டாலர் முதலீடு கிடைத்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் அமெரிக்காவின் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்த மூன்று யோசனைகளும் கேட்பவரின் அச்சம், கேட்பவரின் லாபக் கணக்கு, கேட்பவரின் கால அளவு ஆகிய மூன்றைத் தொடுகின்றன. இன்றைய பிட்ச் பயிற்சிகளின் அடிப்படையும் இதுவே. சொல்லுக்கும் வாக்குறுதிக்கும் எந்த அளவு மெருகேற்றலாம் என்ற நெறிக் கேள்வியும் அப்போதே எழுந்துவிட்டது.

1987-இல் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்காகப் பவர்பாயின்ட்டை வெளியிட்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. பல பக்கத் தொழில் திட்ட அறிக்கையின் இடத்தை மெல்ல மெல்ல ஸ்லைடு பிடித்துக்கொண்டது. 2005-இல் பால் கிரஹாம், ஜெசிகா லிவிங்ஸ்டன் உள்ளிட்ட நால்வர் தொடங்கிய ஆக்சிலரேட்டரான ஒய் காம்பினேட்டர், பயிற்சிக் காலத்தின் முடிவில் நிறுவனர்கள் அனைவரையும் ஒரே நாளில் முதலீட்டாளர் கூட்டத்தின் முன் நிறுத்தும் ‘டெமோ டே’ முறையைப் பரப்பியது. சில நிமிடங்களில் ஒரு நிறுவனத்தைச் சொல்லி முடிக்கும் கலை அங்கே கூர்மை பெற்றது. உலகெங்கும் ஆக்சிலரேட்டர்கள் அதைப் பின்பற்றின.

இந்தியாவில் 2016 ஜனவரியில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டமும், 2021-இல் வந்த விதை நிதித் திட்டமும் பிட்ச்சைச் சிற்றூர்களுக்கும் கொண்டுபோயின. விதை நிதித் திட்டத்தின் கீழ் இன்குபேட்டர் வழியாக மாதிரி உருவாக்கத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியமும், சந்தைப்படுத்த 50 லட்சம் ரூபாய் வரை பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரம் போன்ற வழிகளில் நிதியும் கிடைக்கும். அதற்கும் ஒரு குழுவின் முன் எடுத்துரைத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் திட்டம், சென்னை ஐஐடி இன்குபேஷன் செல், சென்னை ஏஞ்சல்ஸ் குழு என எங்கே போனாலும் நிறுவனரின் கையில் ஒரு டெக் இருக்க வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஷார்க் டேங்க் இந்தியா தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு பிட்ச் வீட்டுக் கூடங்களில் பார்க்கும் நிகழ்ச்சியாகவும் ஆகிவிட்டது. ஆனால் தொலைக்காட்சியில் சில நிமிடங்களில் கைகுலுக்கி முடியும் பேரம், படப்பிடிப்புக்குப் பிறகு நடக்கும் சரிபார்ப்பைத் தாண்டியாக வேண்டும். அந்தப் பரபரப்பை அப்படியே பின்பற்றும் நிறுவனர் உண்மையான சந்திப்பில் தடுமாறுவார்.

எதிரே இருப்பவரின் கணக்கு

முதலீட்டாளர் என்ன தேடுகிறார் என்று தெரியாமல் பிட்ச்சைத் திருத்த முடியாது. துணிகர முதலீட்டு நிதி தன் சொந்தப் பணத்தைப் போடுவதில்லை. ஓய்வூதிய நிதிகள், அறக்கட்டளைகள், செல்வக் குடும்பங்கள் ஆகியோரிடம் பணம் திரட்டி, ஏறத்தாழ பத்தாண்டுகளில் பெருக்கித் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. அது போடும் முதலீடுகளில் பல வீணாகும், சில போட்ட பணத்தை மட்டும் மீட்கும், ஒன்றிரண்டே எல்லா இழப்பையும் ஈடுகட்டி லாபம் தரும். எனவே ஒவ்வொரு முதலீட்டிடமும் நிதி கேட்பது இதுதான்: இது வென்றால் முழு நிதியையும் ஒரே வீச்சில் திருப்பித் தரும் அளவுக்கு வளருமா?

100 கோடி ரூபாய் நிதி ஒன்றை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அடுத்தடுத்த சுற்றுகளில் பங்கு கரைந்து, கடைசியில் அதன் கையில் 10 சதவீதம் மிஞ்சுவதாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு முதலீட்டால் நிதி முழுவதும் திரும்ப வேண்டுமானால் நிறுவனத்தின் மதிப்பு 1,000 கோடி ஆக வேண்டும். நன்றாக ஓடி, ஆண்டுக்கு இரண்டு கோடி லாபம் தரும் நல்ல தொழிலைக்கூட இந்த நிதி மறுப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஏஞ்சல் முதலீட்டாளர் தம் சொந்தப் பணத்தைப் போடுவதால் அவர் கணக்கு இன்னும் நெகிழ்வானது. அரசு விதை நிதிக் குழு வேலைவாய்ப்பு, புதுமை, சமூகப் பயன் ஆகியவற்றையும் பார்க்கும். மூவருக்கும் ஒரே டெக்கைக் காட்டுவது தொடக்கத்திலேயே நேரும் பிழை.

முதலீட்டாளர்களின் முடிவெடுக்கும் முறையைப் பற்றிய விரிவான ஆய்வு பால் கோம்பர்ஸ், வில் கோர்னல், ஸ்டீவன் கப்லான், இல்யா ஸ்ட்ரெபுலேவ் நால்வரும் 2020-இல் வெளியிட்டது. 681 நிறுவனங்களைச் சேர்ந்த 885 துணிகர முதலீட்டாளர்களை அவர்கள் கேட்டறிந்தனர். தங்களிடம் வரும் ஏறத்தாழ நூறு வாய்ப்புகளில் ஒன்றில்தான் முதலீட்டாளர்கள் பணம் போடுகிறார்கள். நிர்வாகக் குழு முக்கியம் என்று 95 சதவீதத்தினரும், அதுவே எல்லாவற்றையும்விட முக்கியம் என்று 47 சதவீதத்தினரும் கூறினர். ஷாய் பெர்ன்ஸ்டைன், ஆர்தர் கோர்டெவெக், கெவின் லாஸ் மூவரும் 2017-இல் வெளியிட்ட கள ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது. புத்தொழில்களையும் முதலீட்டாளர்களையும் இணைக்கும் ஏஞ்சல்லிஸ்ட் தளத்தின் வழியே போன மின்னஞ்சல்களில் எந்தத் தகவலைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, நிறுவனர் குழுவைப் பற்றிய தகவலே சராசரி முதலீட்டாளரைக் கூடுதலாக ஈர்த்தது.

படிக்கும் நேரமும் குறைவு. ஆவணப் பகிர்வு நிறுவனமான டாக்சென்ட், ஹார்வர்டு வணிகப் பள்ளியின் டாம் ஐசன்மன்னோடு சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு டெக்கை முதலீட்டாளர் பார்த்த சராசரி நேரம் 3 நிமிடம் 44 விநாடி. அந்தக் குறுகிய நேரத்திலும் நிதிநிலை, குழு, போட்டி ஆகிய ஸ்லைடுகளில்தான் கண்கள் அதிகம் நின்றன.

படிக்க ஒரு டெக், பேச ஒரு டெக்

நிறுவனர்கள் அடிக்கடி செய்யும் தவறு, ஒரே டெக்கை மின்னஞ்சலுக்கும் மேடைக்கும் பயன்படுத்துவது. மின்னஞ்சலில் போகும் டெக்குக்கு அருகே பேச ஆள் இல்லை. தலைப்பும் விளக்கமும் தானாகவே பொருள் தர வேண்டும், எண்களுக்குக் கீழே அவை எந்த மாதத்துக்கானவை என்ற குறிப்பு வேண்டும். மேடையில் ஓடும் டெக்கில் அத்தனை எழுத்தும் இருந்தால், பார்வையாளர் படிப்பாரே தவிரக் கேட்க மாட்டார். அங்கே ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து போதும், மீதியைக் குரல் சொல்லும். உதவ வருபவர் முதலில் கேட்க வேண்டியதும் இதுவே: இந்த டெக்கை யார், எங்கே, எத்தனை நிமிடத்தில் பார்க்கப் போகிறார்?

எதை, எந்த வரிசையில்

டான் வாலன்டைன் 1972-இல் தொடங்கிய துணிகர முதலீட்டு நிறுவனமான செகோயா கேபிட்டல் வெளியிட்ட தொழில் திட்ட வரைவு, இன்றும் பலர் பின்பற்றும் அமைப்பு. நிறுவனத்தின் நோக்கம், சிக்கல், தீர்வு, ஏன் இப்போது, சந்தையின் அளவு, போட்டி, தயாரிப்பு, வருமான வழி, குழு, நிதிநிலை ஆகியவை அதன் பகுதிகள். முதலீட்டாளரும் எழுத்தாளருமான கை கவாசாகி 2005-இல் முன்வைத்த 10-20-30 விதியும் இதை ஒட்டியதே: பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது புள்ளிக்குக் குறையாத எழுத்து. இவற்றை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. ஒவ்வொரு பகுதியும் முதலீட்டாளர் மனத்தில் எழும் ஒரு கேள்விக்கான பதில் என்று புரிந்துகொண்டால், வரிசையைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வலுவான விற்பனை இருக்கும் நிறுவனம் அதை இரண்டாவது ஸ்லைடுக்கே கொண்டுவரலாம். விற்பனையே தொடங்காத, ஆனால் பத்தாண்டு ஆய்வு அனுபவம் உள்ள குழு தன்னைப் பற்றி முதலில் சொல்லலாம்.

இவற்றில் முதல் வரிதான் பெரும்பாலும் பழுதாக இருக்கும். “செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஆடைத் துறையின் மதிப்புச் சங்கிலியை முழுமையாக உருமாற்றும் தளம்” என்று ஒரு டெக் தொடங்குவதாக வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் என்ன செய்கிறது என்று இதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. “திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கும் தையல் கூடங்களுக்கு, எந்த ஆர்டரில் எத்தனை பீஸ் முடிந்தது, எவ்வளவு பணம் வர வேண்டும் என்பதைக் கைபேசியில் காட்டும் செயலி” என்று எழுதினால் வாடிக்கையாளர், சிக்கல், பொருள் மூன்றும் ஒரே மூச்சில் தெரிந்துவிடும். இரண்டாவது வாக்கியம் எளிமையாக இருப்பதாலேயே நிறுவனர்கள் அதற்குத் தயங்குகிறார்கள். தம் தொழில் சிறியதாகத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் அது. உண்மையில், தெளிவாகப் புரிந்த தொழிலுக்குத்தான் அடுத்த கேள்வி வரும்.

சிக்கலைச் சொல்லும் ஸ்லைடில் நாட்டின் பொருளாதாரப் புள்ளிவிவரங்களை அடுக்குவதைவிட, ஒரு வாடிக்கையாளரின் ஒரு நாள் என்ன ஆகிறது என்று காட்டுவது பலன் தரும். தையல் கூடத்தின் மேற்பார்வையாளர் மாலையில் நோட்டுப் புத்தகத்தில் எண்ணிக்கை எழுதுகிறார், சனிக்கிழமை கூலி போடும்போது கணக்கு இடிக்கிறது, முந்நூறு பீஸுக்கு யார் பொறுப்பு என்று தகராறு எழுகிறது. இதைச் சொன்னால் நிறுவனர் களத்தில் நின்று பார்த்தவர் என்பதும் கூடவே தெரியும்.

‘ஏன் இப்போது’ என்ற கேள்வி பல டெக்குகளில் விடுபட்டுப்போகிறது. இந்த யோசனை பத்தாண்டுக்கு முன் ஏன் பலிக்கவில்லை, இப்போது என்ன மாறியிருக்கிறது? மலிவான கைபேசித் தரவு, ஜிஎஸ்டி, யுபிஐ போன்ற குறிப்பிட்ட மாற்றம் ஒன்றைச் சுட்ட முடியாவிட்டால், முன்பு முயன்றவர்கள் தோற்ற காரணத்தாலேயே இதுவும் தோற்கும் என்று முதலீட்டாளர் முடிவுகட்டுவார்.

போட்டியைப் பற்றி ‘எங்களுக்குப் போட்டியே இல்லை’ என்று எழுதுவது தற்கொலைக்கு ஒப்பானது. வாடிக்கையாளர் இன்று அந்த வேலையை எதை வைத்துச் செய்கிறாரோ அதுவே போட்டி, அது எக்ஸெல் தாளாகவோ நோட்டுப் புத்தகமாகவோ இருந்தாலும் சரி. பணம் கேட்கும் ஸ்லைடில் தொகை மட்டும் போதாது. அந்தப் பணத்தால் எத்தனை மாதம் ஓடும், அதற்குள் எந்த இலக்கை எட்டும், அந்த இலக்கு அடுத்த சுற்றுக்கு ஏன் போதுமானது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும்.

சந்தைக் கணக்கு

சந்தையின் அளவைச் சொல்லும் இடத்தில்தான் நிறுவனரின் சிந்தனை முழுதாக வெளிப்படுகிறது. வழக்கமான குறுக்குவழி, ஏதோ ஒரு அறிக்கையிலிருந்து பல்லாயிரம் கோடி என்ற எண்ணை எடுத்து, ‘இதில் ஒரு சதவீதம் பிடித்தாலே போதும்’ என்பது. அந்த ஒரு சதவீதம் யார், எப்படிப் பிடிபடுவார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அனுபவமுள்ள முதலீட்டாளர் கீழிருந்து கட்டிய கணக்கையே நம்புவார்: வாடிக்கையாளர் எண்ணிக்கையை ஒருவர் ஆண்டுக்குத் தரும் தொகையால் பெருக்கிப் பார்ப்பார்.

மேலே சொன்ன தையல் கூடச் செயலியையே எடுத்துக்கொண்டு, எண்களைக் கற்பனையாக வைத்துப் பார்க்கலாம். செயலி பொருந்தக்கூடிய கூடங்கள் 8,000, மாதக் கட்டணம் 1,500 ரூபாய் என்றால், ஒரு கூடம் விடாமல் அத்தனையும் வாங்கினாலும் ஆண்டு வருமானம் 14.4 கோடி. வருமானத்தைப் போலப் பத்து மடங்கு மதிப்பு கிடைத்தாலும் நிறுவனம் 144 கோடிதான் பெறும். 10 சதவீதம் வைத்திருக்கும் நிதிக்கு அதில் 14.4 கோடி கிடைக்கும். 100 கோடி நிதியை அது திருப்பித் தராது.

இந்தக் கணக்கு முடிந்தவுடன் நிறுவனருக்கு மூன்று வழிகள் தெரியும். லூதியானா, கொல்கத்தா, டாக்கா எனப் பிற பின்னலாடை மையங்களுக்கும் விரிவது ஒன்று. கூடங்களுக்குக் கடன் ஏற்பாடு, நூல் கொள்முதல் என ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் வருமானத்தைக் கூட்டுவது இன்னொன்று. துணிகர முதலீட்டைத் தேடாமல், ஏஞ்சல் முதலீடு, வங்கிக் கடன், சொந்த லாபம் ஆகியவற்றில் நிதானமாக வளர்வது மூன்றாவது. மூன்றுமே மதிப்பானவை. எந்த வழி என்று முடிவுசெய்யாமல் போடும் ஸ்லைடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. பிட்ச்சுக்கு உதவுபவர் செய்யக்கூடிய பெரிய உதவி, நிறுவனரோடு அமர்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே.

சந்தையைப் பற்றிய தீர்ப்பில் முதலீட்டாளர்களும் தவறுவதுண்டு. வீடுகளில் தங்குமிடம் வாடகைக்குப் பெற உதவும் தளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் 2008-இல் 15 லட்சம் டாலர் மதிப்பில் 1,50,000 டாலர் திரட்ட முயன்று ஏழு முதலீட்டாளர்களுக்கு அறிமுகமானார்கள். ஐவர் மறுத்தனர், இருவர் பதிலே போடவில்லை. அந்நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015-இல் வெளியிட்ட அந்த மறுப்புக் கடிதங்களில், சந்தை போதிய அளவு பெரிதாகத் தெரியவில்லை என்ற காரணமும் இருந்தது. மறுப்பு ஒவ்வொன்றும் பிட்ச்சின் குறையைக் காட்டும் என்று கொள்ள முடியாது. ஆனால் ஒரே காரணம் மூன்று நான்கு பேரிடமிருந்து வந்தால், அந்த இடத்தில் சொல்முறையோ தொழிலோ மாற வேண்டியிருக்கிறது.

ஸ்லைடின் தோற்றம்

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. ஒய் காம்பினேட்டரின் கெவின் ஹேல் வகுத்த மூன்று சொற்களில் அது அடங்கிவிடும்: ஸ்லைடு படிக்கத் தெளிவாக, எளிமையாக, பார்த்தவுடன் விளங்குவதாக இருக்க வேண்டும். கடைசி வரிசையில், கண்ணாடி போட்ட முதியவரும் படிக்கும் அளவில் எழுத்து. ஒரு ஸ்லைடில் ஒரே கருத்து. ‘வளர்ச்சி’ என்று தலைப்பிடாமல் ‘ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் 40-இலிருந்து 210’ என்று முடிவையே தலைப்பாக்குவது. செயலியின் திரைப் பிடிப்புகளை ஸ்லைடில் நெருக்கினால் யாருக்கும் எதுவும் தெரியாது. தேவைப்பட்டால் ஒரே ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டலாம். வரைபடத்தில் அச்சு சுழியத்தில் தொடங்காமல் வெட்டப்பட்டிருந்தால், கவனமுள்ள முதலீட்டாளர் அதைக் கண்டுபிடித்து மற்ற எண்களையும் சந்தேகிப்பார்.

பேச்சும் கேள்வி பதிலும்

மேடையில் துள்ளலும் உணர்ச்சியும் வேண்டும் என்று பயிற்சியாளர்கள் பலர் வற்புறுத்துகிறார்கள். சியாவ்-பிங் சென், சின் யாவ், சுரேஷ் கோத்தா மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. முதலீட்டாளரின் முடிவை நிறுவனரின் ஆர்வ வெளிப்பாடு தனியாக மாற்றவில்லை, அவரது ஆயத்தமே மாற்றியது. எண்களும் மறுப்புகளும் கைவசம் இருப்பவரின் குரலில் தன்னம்பிக்கை தானே வரும்.

ஆயத்தத்தின் பெரும்பகுதி கேள்வி பதிலுக்கானது. லிங்க்ட்இன் 2004-இல் கிரேலாக் நிதியிடம் காட்டிய டெக்கை, அதன் இணை நிறுவனர் ரீட் ஹாஃப்மன் 2013-இல் தம் குறிப்புகளோடு வெளியிட்டார். அப்போது லிங்க்ட்இன்னுக்கு வருமானமே இல்லை. இணைய நிறுவனங்களின் டாட்காம் சரிவுக்குப் பிறகு முதலீட்டாளர் முதலில் கேட்கப்போவது வருமானத்தைத்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வலுவான ஆட்சேபத்தை முதலீட்டாளர் எழுப்பும்வரை காத்திராமல் தாமே முன்கூட்டி எதிர்கொள்ள வேண்டும் என்பது அவர் தரும் பாடம். மனத்தில் ஒரு சந்தேகம் உட்கார்ந்துவிட்டால், கேட்பவர் அடுத்த பத்து ஸ்லைடையும் அந்தச் சந்தேகத்தின் வழியாகவே பார்ப்பார்.

கேள்விகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. டானா கான்ஸ், லாரா ஹுவாங், மார்க் கான்லி, டோரி ஹிக்கின்ஸ் ஆகியோர் நியூயார்க்கில் நடக்கும் டெக்கிரஞ்ச் டிஸ்ரப்ட் என்ற புத்தொழில் போட்டியில் நடந்த கேள்வி பதில்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். ஆண் நிறுவனர்களிடம் கேட்ட கேள்விகளில் 67 சதவீதம் வளர்ச்சியைப் பற்றியவை. பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் இழப்பைத் தவிர்ப்பதைப் பற்றியவை. இத்தகைய தற்காப்புக் கேள்விக்குத் தற்காப்பாகவே பதில் சொன்னவர்கள் குறைவாகவும், அதே கேள்விக்கு வளர்ச்சியின் மொழியில் பதில் சொன்னவர்கள் பல மடங்கு அதிகமாகவும் நிதி பெற்றனர். ‘இருக்கிற வாடிக்கையாளர்கள் விலகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?’ என்ற கேள்விக்கு, விலகல் விகிதத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டு, ‘தங்கிய வாடிக்கையாளர்கள் இரண்டாம் ஆண்டில் எவ்வளவு கூடுதலாக வாங்குகிறார்கள்’ என்று தொடரப் பழக்கலாம். லாரா ஹுவாங்கும் அலிசன் வுட் புரூக்ஸும் வேறு இருவரும் 2014-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே பிட்ச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் கேட்டவர்களில் 68 சதவீதம் பேர் ஆண் குரலுக்கான நிறுவனத்தையே தேர்ந்தெடுத்தனர். இந்தச் சாய்வு கேட்பவரிடம் இருக்கிறது. பெண் நிறுவனரைப் பேச்சுத் திருத்தத்தால் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுவது அநீதி. சாய்வை அறிந்து ஆயத்தம் செய்விப்பது பயிற்சியாளரின் வேலை, சாய்வைக் களைவது முதலீட்டாளரின் கடமை.

மொழியும் இங்கே ஒரு தடையாக வருவதுண்டு. தமிழில் தொழிலைத் துல்லியமாக விளக்கும் நிறுவனர், ஆங்கிலத்தில் பேசும்போது மனப்பாட வாக்கியங்களுக்குள் ஒளிந்துகொள்கிறார். முதலில் தமிழிலேயே முழு பிட்ச்சையும் சொல்ல வைத்து, அந்தத் தெளிவு வந்த பிறகு எளிய ஆங்கிலத்துக்கு மாற்றுவது நல்ல முறை. சொல் தடுமாறினாலும் கருத்து தடுமாறாது.

உதவுபவரின் பணிமுறை

நல்ல உதவி ஒரு வரிசையில் நடக்கும். முதலில் டெக்கைத் திறக்காமல், நிறுவனரைப் பேச விட்டுக் கேட்க வேண்டும். ஸ்லைடில் இல்லாத வலுவான செய்திகள் அந்தப் பேச்சில்தான் வரும். அடுத்து, தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் டெக்கை நான்கு நிமிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு, ‘இவர்கள் என்ன செய்கிறார்கள், யாரிடம் பணம் வாங்குகிறார்கள்?’ என்று கேட்கலாம். அவர் சொல்லும் பதிலுக்கும் நிறுவனர் எண்ணியதற்கும் இடையே உள்ள தூரமே திருத்த வேண்டிய அளவு.

மூன்றாவதாக, வரக்கூடிய கடினமான கேள்விகள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முப்பது விநாடிப் பதிலும், பின்னிணைப்பில் ஒரு சான்று ஸ்லைடும் ஆயத்தம் செய்ய வேண்டும். நான்காவது, கடிகாரம் வைத்து ஒத்திகை. அதைக் கைபேசியில் பதிவுசெய்து நிறுவனரே பார்த்தால், பிறர் சொல்லி ஏற்காத குறைகளைத் தாமே காண்பார். ஐந்தாவது, முக்கியமான முதலீட்டாளரை முதலில் சந்திக்காமல், சற்றுக் குறைவான முன்னுரிமை உள்ளவர்களிடம் பேசிப் பழகி, ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் எழுந்த கேள்விகளைக் குறித்துவைப்பது. இரண்டு சந்திப்புக்கு ஒரு முறை டெக் மாற வேண்டும்.

உதவுபவர் செய்யக் கூடாதவையும் உண்டு. நிறுவனருக்குப் பதில் தாமே பிட்ச்சை எழுதிக் கொடுத்தால், முதல் குறுக்குக் கேள்வியிலேயே குட்டு வெளிப்படும். பத்து வழிகாட்டிகளிடம் கருத்துக் கேட்டுப் பத்தையும் சேர்த்தால், டெக் யாருடைய தொழில் என்று தெரியாமல் போகும். ஒருவர் சொல்லும் தீர்வைவிட அவர் எந்த இடத்தில் குழம்பினார் என்பதே மதிப்பான தகவல். தீர்வை நிறுவனர்தான் கண்டறிய வேண்டும்.

மெருகுக்கும் பொய்க்கும் இடையே

பிட்ச் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு. அதில் நம்பிக்கை கலந்திருப்பதை முதலீட்டாளரும் எதிர்பார்க்கிறார். ஆனால் நிகழ்ந்ததைப் பற்றிய கூற்றில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது. பேச்சுவார்த்தையில் உள்ள வாடிக்கையாளரைக் கையெழுத்திட்டவராகக் காட்டுவது, ஒருமுறை வந்த ஆர்டரை மாதாந்திர வருமானத்தில் சேர்ப்பது, ஆலோசகரை இணை நிறுவனராக எழுதுவது ஆகிய மூன்றும் எளிதில் நேரும் பிறழ்வுகள். இரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரானோஸ் வழக்கில், மருந்து நிறுவனங்களின் இலச்சினைகளை அவற்றின் அனுமதியின்றி ஒட்டிய அறிக்கைகள் முதலீட்டாளர்களிடம் காட்டப்பட்டது நீதிமன்றத்தில் வெளிவந்தது. அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பான நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அதே ஆண்டு நவம்பரில் பதினொரு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார். சிறு அளவில் இதே செயல் நடந்தால் சிறைக்குப் போகாமல் இருக்கலாம், ஆனால் கணக்குச் சரிபார்ப்பில் பிடிபட்டு, முதலீட்டு வட்டாரம் முழுவதும் நம்பிக்கை போய்விடும். டெக்கின் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஓர் ஆவணம் இருக்கிறதா என்று கேட்பது உதவுபவரின் பொறுப்பு.

உதவியின் எல்லை

செம்மையான பிட்ச் ஒரு நல்ல தொழிலை மறைத்திருக்கும் திரையை விலக்கும். வாங்குபவர் இல்லாத பொருளுக்கு அது வாடிக்கையாளரைத் தராது. ஆறு மாதமாக டெக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும் நிறுவனருக்கு, அந்த நேரத்தில் இருபது வாடிக்கையாளரைச் சந்தித்திருந்தால் இதைவிட நல்ல ஸ்லைடு கிடைத்திருக்கும். ஆகவே உதவியின் முடிவில் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும்: தொழில் தயார், சொல்லத்தான் தெரியவில்லை என்றால் சொல்முறை தெளிவாக வேண்டும். கணக்கு இடிக்கிறது என்றால் தொழிலின் வடிவம் மாற வேண்டும். பங்கு விற்றுத் திரட்டும் முதலீடே இதற்குப் பொருந்தாது என்றால், மானியம், கடன், சொந்த வருமானம் ஆகிய வழிகளுக்கு நிறுவனர் திரும்ப வேண்டும். எது என்பதைப் பணம் கேட்கப் போகும் முன்பே அறிந்துகொண்டவருக்கு, நூறில் தொண்ணூற்றொன்பது முறை வரக்கூடிய ‘இல்லை’ என்ற பதிலைத் தாங்கிக்கொண்டு தொழிலை நடத்தும் தெளிவும் கூடவே வந்துவிடுகிறது.